விமான நிலைய ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், வழியிடை எதிர்ப்பட்ட வறியவனுக்குத் தான் சென்ற நெறியையும், அந்நெறியிலுள்ள இடையூறுகளையும், தனக்குக் கொடுத்தானது இருப்பிடத்தையும் எடுத்துக்கூறி வழிவிடுப்பதாகப் பாடுவது ஆற்றுப்படை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1889-ஆம் ஆண்டில் அச்சிட்டு உதவிய பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. அவற்றுள் வழியின் இடர்களை விரித்துரைப்பதில் மலைபடுகடாத்துக்கு நிகர் இல்லை. பன்றிக்கு வைத்த பொறி எவ்விடத்தது, பாம்பு உறையும் இடம் யாது, கால் வழுக்கும் பாறை எது என்றெல்லாம் கூத்தனுக்குக் கூத்தன் சொல்லிக் கொடுக்கிறான். அதனைப் பாடங்கேட்ட நாளிலே எமக்கு ஓர் எண்ணம் எழுந்தது. நன்னனிடம் பரிசில் வேண்டிச் செல்வார் இன்று இல்லை. ஆனால் காரைக்குடியிலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் விமானம் ஏறுவார் நாள்தோறும் உளர். விமானத்தை விட்டிறங்கி உறவினர் வீட்டு வாயிலை அடையும் வரையுள்ள சிறிது தூரத்துக்கு, பொறி எங்கே, பாம்பு எங்கே என்று அவர்கட்குச் சொல்லுவார் யார்?

இவ்வெண்ணம் ஏட்டினால் மட்டும் எழுந்ததன்று. எம் அத்தையார், கணவரை இழந்தவர், அறுபது வயது கடந்தவர், மகளின் பிரசவத்துக்குத் துணையிருக்கும்பொருட்டுத் திருச்சிராப்பள்ளியில் ஓரிரவு விமானம் ஏறினார். இறங்கிய நாட்டின் பெயரும் நிலையத்தின் பெயரும் இங்கு வேண்டா. அழைத்துச் செல்ல வருவதாகச் சொன்ன மருமகனார் வேலையிடத்தை விட்டு வர இயலாது போயிற்று. அவர் அனுப்பிய செய்தி அத்தையாரை எட்டவில்லை. நம் நாட்டுச் சிம் அட்டை அந்நாட்டில் உயிரற்றுக் கிடந்தது. ஒரு மணி நேரம் பெட்டியின்மீது கைவைத்தபடி நின்றவரை ஒருவன் அணுகினான்.

“வாங்கம்மா, எந்த ஊரு?” என்றான். “காரைக்குடி” என்றார் இவர்.

“அட, எங்க தாத்தா சிவகங்கைப் பக்கந்தான். இப்படித் தனியாவா நிக்கிறது? பெட்டியைக் குடுங்க.”

கொடுத்துவிட்டார். வண்டியின் மேல் விளக்கில்லை. உள்ளே மீட்டர் இல்லை. நெடுஞ்சாலையில் பாதி வழி சென்றபின்பே அவன் கட்டணத்தைச் சொன்னான். நம் நாட்டுக் கணக்கில் அஃது ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை. இருளில், அறியாத நெடுஞ்சாலையில், இறங்குவது எங்ஙனம்? இறுதியில் நிறைமாதக் கர்ப்பிணியான மகள் மாடிப்படி இறங்கி வந்து பணம் கொடுத்து அனுப்பினாள். தாம் நின்ற அதே மண்டபத்தினுள், ஐம்பதடி தொலைவில், கட்டணத்தை முன்னரே பெற்றுச் சீட்டுக் கொடுக்கும் இடம் ஒன்று இருந்ததென்றும், அங்கே அத்தொகையில் பாதியும் ஆகாதென்றும் அவர் பின்னர் அறிந்தார். “பணம் போனால் போகிறது, தமிழ் பேசினானே என்று நம்பினேன்” என்பதையே இன்றும் சொல்லிச் சொல்லி வருந்துகிறார்.

நம் பக்கத்தார் கடல் கடப்பது புதிதன்று. 1926-இல் கட்டப்பெற்ற ‘ரஜுலா’ என்னும் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரை ஓடிற்று. அக்காலத்தில் இறங்குதுறையில் நகரத்தாரை எதிர்கொள்ள அவர்தம் கிட்டங்கியைச் சேர்ந்தவர் இருப்பர். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில் கீழே பெட்டியடி, மேலே உறைவிடம். வழிபாட்டுக்கு 1859-இல் எழுந்த தண்டாயுதபாணி கோயில். ஊரிலிருந்து வந்த இளைஞன் எந்தத் தெருவில் எந்த வண்டிக்கு என்ன கொடுப்பது என்று எண்ணிக் கலங்கவேண்டிய தேவையே இல்லை. ஆயினும் இதனை மிகைப்படப் போற்றுதலும் ஆகாது. கிட்டங்கி எல்லார்க்கும் திறந்த சத்திரம் அன்று. அதே கப்பலின் கீழ்த்தட்டில் தோட்டவேலைக்குச் சென்ற ஏழைத் தமிழனுக்கு வழிகாட்டி கங்காணி. அவ்வழிகாட்டியின் கூலி தலைமேற் கடனாய் ஏறிற்று. இன்று விமானத்தில் செல்வாரிற் பலர் இவ்விரண்டாம் வகையினரின் நிலையிலேயே உளர். நகையை அடகு வைத்து வேலைக்குச் செல்லும் இளைஞனுக்கு முதல் நாளிலேயே ஐயாயிரம் ரூபாய் அழியுமாயின், அது வட்டியோடு வளரும் இழப்பு.

இனி, நியாயமான கட்டணம் என்பது யாது? ‘டாக்ஸி’ என்னுஞ் சொல்லே அதற்கு விடை கூறும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் புரூன் என்பார், சென்ற தூரத்துக்கேற்பக் கூலியைக் காட்டும் பொறி ஒன்றை அமைத்தார். கூலி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லோடு அளவை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் சேர்ந்து ‘டாக்ஸிமீட்டர்’ ஆயிற்று. அதன் குறுக்கமே டாக்ஸி. ஆகவே அளவுகோல் இல்லாத வண்டி, பெயரளவிலும் டாக்ஸி ஆகாது. நியாயமான கட்டணம் என்று யாம் கொள்வது மலிவான கட்டணத்தை அன்று. வண்டியேறுவதற்கு முன்பே இருவரும் அறிந்ததும், மூன்றாமவர் ஒருவர் வரையறுத்ததும் ஆகிய கட்டணத்தையே. அம்மூன்றாமவர் மீட்டராகவும் இருக்கலாம், அரசாங்கமாகவும் இருக்கலாம்.

நாடுகள் இதனைப் பலவாறு செய்திருக்கின்றன. பாரிஸ் நகரில் பெரிய விமான நிலையத்திலிருந்து நகருக்குள் செல்ல, ஆற்றின் வலக்கரைக்கு இவ்வளவு, இடக்கரைக்கு இவ்வளவு என்று 2016 முதல் அரசாங்கமே கட்டணத்தை அறுதியிட்டுள்ளது. பாங்காக்கின் சுவர்ணபூமி நிலையத்தில் வரிசையில் நின்று பொறியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டைப் பெறவேண்டும். எந்த வண்டி என்பது அதில் இருக்கும். மீட்டர் காட்டுவதற்குமேல் 50 பாட் நிலையக் கட்டணம்; சாலைச் சுங்கம் பிரயாணியினுடையது. அத்துண்டுச் சீட்டே பின்னர் முறையிடுவதற்கு ஆதாரமாதலின், ஓட்டுநர் கேட்பினும் அதனைக் கைவிடலாகாது. சிங்கப்பூரில் பேரம் என்பதே இல்லை. நிலையத்தில் ஏறுவதற்கும், நள்ளிரவு முதல் காலை ஆறு மணிக்குச் சற்று முன்வரை செல்வதற்கும் மேல்மிகைக் கட்டணம் உண்டு. நள்ளிரவுக்கு மேல் மீட்டர்த் தொகையில் பாதி கூடுகிறது. இதனை அறியாத நம்மவர் ஓட்டுநர் ஏமாற்றினார் என்று ஊரில் வந்து சொல்லுவதை யாம் கேட்டிருக்கிறோம். அறியாமை ஏமாறுவதற்கு மட்டுமன்று, நல்லவரைப் பழிப்பதற்கும் காரணமாகிறது.

நம்மவர் மிகுதியாகச் செல்வது கோலாலம்பூருக்கு ஆதலின், அதனைப் பற்றிச் சற்று விரித்துரைப்போம். செப்பாங்கில் 1998-இல் திறக்கப்பெற்ற அவ்விமான நிலையம் நகரிலிருந்து ஏறக்குறைய 50, 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அஃதாவது காரைக்குடியில் இறங்கவேண்டியவரைத் திருமயத்துக்கு அப்பால் புதுக்கோட்டையை அடுத்து இறக்கிவிட்டாற்போல. இரண்டு முனையங்கள் உள. யாருடைய விமானம் எம்முனையத்தில் இறங்குமென்பதை ஊரிலேயே கேட்டுவைத்தல் நலம். அழைக்க வந்தவர் ஒரு முனையத்திலும் வந்தவர் மற்றொரு முனையத்திலுமாகக் காத்திருத்தல் உண்டு. விரைவு இரயில் ஏறின் ஏறக்குறைய அரைமணியில் நகரின் நடுவே சேரலாம். ஆனால் நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் இரயில் இல்லை. நம் கடிகாரத்துக்கு அந்நாட்டுக் கடிகாரம் இரண்டரை மணி முந்தியதாதலால், இங்கே இரவில் ஏறியவர் அங்கே விடியுமுன் இறங்குவர். அவ்வேளையில் பெரிதும் துணையாவன இரண்டு. ஒன்று, வருகை மண்டபத்தினுள்ளேயே பணம் செலுத்திச் சீட்டுப் பெறும் டாக்ஸி முகப்பு. மற்றொன்று, கைப்பேசியில் வண்டி அழைக்கும் செயலி. 2012-இல் அந்நாட்டில் ‘மைடெக்சி’ என்று தோன்றி இன்று ‘கிராப்’ என வழங்கும் செயலியில், செல்லுமிடத்தைக் குறித்தவுடன் கட்டணம் தெரியும். வண்டியின் எண்ணும் ஓட்டுநர் பெயரும் தெரியும். பிரயாணம் எவ்வளவில் இருக்கிறதென்பதை மகளுக்கோ மகனுக்கோ அனுப்பிக் காட்டவும் இயலும். நிலையத்தில் இலவசமாக இணையம் கிடைப்பதால் அந்நாட்டுச் சிம் அட்டை இல்லாதாரும் இதனைக் கையாளலாம். வந்து நிற்கும் வண்டியின் எண்ணைச் செயலியிற் காட்டிய எண்ணோடு ஒத்துப்பார்த்த பின்னரே பெட்டியை ஏற்றுக.

இவ்விரண்டையும் விட்டு, மண்டபத்தில் தானே எதிர்வந்து ‘டாக்ஸியா?’ என்று கேட்பவனை மலாய்க்காரர் ‘ஊலாட்’ என்கிறார்கள். புழு என்பது அதன் பொருள். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் இச்சொல்லைக் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்! கோலாலம்பூராயினும் கட்டுநாயக்காவாயினும் இலண்டனாயினும் நன்முறையில் வண்டியோட்டுவோன் வரிசையில் தன் வண்டியருகே நிற்பான். மண்டபத்துக்குள் நுழைந்து ஆள் பிடிப்பதற்கு அவனுக்கு வேலையில்லை. நம்மைத் தேடி வருபவனை விடுத்து நாம் தேடிச் செல்லவேண்டியவனிடம் செல்லுதல் என்னும் இஃதொன்றையாவது எம் அத்தையார் அறிந்திருந்தால், அவன் தமிழ் பேசியதும் சிவகங்கையைச் சொன்னதும் அவரை அசைத்திரா.

இங்கே எம் வகுப்புத் தோழர் ஒருவர் ஒரு தடை எழுப்பினார். “விமானத்தில் செல்லுதற்குப் பொருளுடையார் ஓர் ஏழை ஓட்டுநனுக்குச் சிறிது மிகுதியாகக் கொடுத்தால் என்ன கெட்டுப்போயிற்று? அவனும் குழந்தை குட்டி உடையவன்தானே?” என்றார். இது நல்ல நெஞ்சத்திலிருந்து வந்த கேள்வியாதலின் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், அங்கே இன்னோர் ஏழையும் இருக்கிறான் என்பதை அவர் மறந்தார். உரிமம் பெற்று, வரிசையில் மணிக்கணக்காய் உறங்காது காத்திருந்து, வரையறுத்த கட்டணத்துக்கே வண்டி ஓட்டுபவன் அவன். எம் அத்தையார் அன்று கொடுத்த ஐயாயிரம் அவனுடைய கைக்குச் செல்லவேண்டிய கூலியை விழுங்கியே வேறொருவன் பைக்குச் சென்றது. இரக்கங்கொண்டு மிகுதி கொடுக்க விரும்புவார், முறையான வண்டியில் ஏறி இறங்கும்போது அவனுக்குக் கொடுக்கலாமே! இரக்கத்தினாற் கொடுப்பதும் அச்சத்தினாற் கொடுப்பதும் ஒன்றல்ல என்று அத்தையாரைக் கேட்டால் சொல்லுவார்.

அயல்நாட்டாரைக் குறைகூறி முடித்துவிடின் நமக்கு எளிதாயிருக்கும். ஆனால் செட்டிநாட்டு மாளிகைகளைக் காண்பதற்கு வெளிநாட்டார் நம் ஊர்ப்பக்கம் வருகிறார்கள். பேருந்தினின்றும் இறங்கிய அயல்நாட்டுத் தம்பதியர் இருவர், ஏறக்குறைய 15 கிலோமீட்டர் செல்லுதற்கு ஆட்டோக் கட்டணம் கேட்டதை ஒருநாள் யாம் அருகிருந்து கண்டோம். கேட்கப்பட்ட தொகை 1,500 ரூபாய். அதே வழிக்கு எம்மிடம் அதில் மூன்றில் ஒரு பங்கும் கேளார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஏறிவிட்டனர். யாமோ ஒன்றுஞ் சொல்லாது நின்றோம். அதனை இங்கு எழுதும்போதும் நாணுகிறோம். தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 2013-ஆம் ஆண்டில் சென்னை ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாயும், அதன்மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாயும் அரசாங்கம் வரையறுத்தது. பின்னர்ப் பெட்ரோல் விலை ஏறியும் அக்கட்டணம் ஆண்டுக்கணக்காய் அப்படியே நின்றது. மீட்டர்கள் திரைபோட்டு உறங்கின. வாழ்வதற்குப் போதாத கட்டணத்தை வரையறுத்துவிட்டு ஓட்டுநரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. விலைவாசிக்கேற்பக் காலந்தோறும் திருத்தப்படும் கட்டணமே இருவர்க்கும் காப்பு. காரைக்குடி இப்போது மாநகராட்சி ஆகிவிட்டது. பேருந்து நிலையத்திலும் இரயில் நிலையத்திலும் கானாடுகாத்தானுக்கு இவ்வளவு, பிள்ளையார்பட்டிக்கு இவ்வளவு என்று ஓட்டுநர்களும் ஒப்புக்கொண்ட தொகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகையில் எழுதிவைத்தற்கு மிகுந்த செலவு ஆகுமோ?

எம் கல்லூரி மாணவர் செய்யத்தக்கதொன்றும் உண்டு. விடுதியில் இருப்பாரிற் பலருக்கு அண்ணனோ மாமனோ கடலுக்கு அப்பால் இருக்கிறார். ஒவ்வோர் ஊரைப் பற்றியும் ஒரே ஒரு தாள் அவர்களிடம் கேட்டு எழுதுவோமாக: எந்த முனையம், சீட்டுக் கொடுக்கும் முகப்பு எவ்விடம், இன்ன ஊருக்கு இன்ன தொகை, இரவில் எவ்வளவு கூடும், இரயில் எப்போது நிற்கும் என்பவை. ஆண்டுதோறும் கட்டணம் மாறுமாதலால் ஆண்டுதோறும் புதுக்கவேண்டும். தமிழ்த் துறையினர் எழுதட்டும். பொருளாதார மாணவர் கணக்கைச் சரிபார்க்கட்டும்.

முதல் தாளை யாம் விளையாட்டாகத் தொடங்கிவிட்டோம். அத்தையார் வரும் தை மாதத்தில் பேரனின் பிறந்த நாளுக்காக மீண்டும் செல்கிறார். எழுதியதை அவரிடம் காட்டினோம். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவைத்து இருமுறை படித்துவிட்டு, “எழுத்து பொடியாக இருக்கிறது, பெரிதாக எழுதிக் கொடு. ‘வேண்டாம், என்னைக் கூப்பிட ஆள் வருகிறது’ என்பதை மலாய் மொழியில் எப்படிச் சொல்வதென்றும் கேட்டு எழுது” என்றார். ஒரு கணம் கழித்து, “தமிழில் கேட்டால் தமிழிலேயே சொல்லிக்கொள்கிறேன்” என்று தாளை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.