பிணம் சுமந்த அரசன் கேட்க மறந்த கேள்வி

விக்கிரமாதித்தன் பெரிய வீரன், அறிவாளி. அப்படிப்பட்ட அரசன் நள்ளிரவில் சுடுகாட்டுக்குப் போகிறான். முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். எதற்காக? ஒரு சந்நியாசி கேட்டான் என்பதற்காக!

அந்தச் சந்நியாசி யார்? பிணம் அவனுக்கு எதற்கு? அரண்மனையில் எத்தனையோ ஏவலாட்கள் இருக்க, அரசனே ஏன் போகவேண்டும்? பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் ஏன் கதை சொல்லிக்கொண்டே வருகிறது?

இன்று டெலிவிஷனிலும் செல்போனிலும் பிணத்தை எழுப்பும் மந்திரவாதிகளின் தொடர்கள் வருகின்றன. “இவன் ஏன் இப்படிச் செய்தான்? காரணமே சொல்லவில்லையே!” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். “கதைக்குக் காலேது? பேசாமல் பார்” என்று பெரியவர்கள் அடக்குகிறார்கள்.

அடக்கவேண்டாம். அது மிக நல்ல கேள்வி. வேதாளக் கதையே அதற்குச் சாட்சி.

பழத்துக்குள் ரத்தினம்

இந்தக் கதைகள் மிகப் பழையவை. 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய ‘கதாசரித்சாகரம்’ என்ற வடமொழி நூலில் இவை இருக்கின்றன. அதில் காரணம் தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

ஒரு சந்நியாசி நாள்தோறும் அரசனிடம் வந்து ஒரு பழம் கொடுக்கிறான். பதிலுக்கு ஒன்றும் கேட்பதில்லை. பத்து வருஷம் இப்படியே நடக்கிறது. ஒரு நாள் ஒரு குரங்கு அந்தப் பழத்தைக் கடித்தது. உள்ளேயிருந்து ஒரு ரத்தினம் உருண்டது! தேடிப் பார்த்தால் முன்பு வந்த பழங்களிலும் ரத்தினங்கள்!

அரசன் நன்றிக்கடன் பட்டுவிட்டான். அதன் பிறகுதான் சந்நியாசி தன் வேண்டுகோளைச் சொன்னான். ஒரு பூஜைக்கு உதவி வேண்டும். இரவில், தனியாக, சுடுகாட்டுக்கு வரவேண்டும்.

இந்தப் பகுதி பலருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ மாதப் பத்திரிகைதான் வேதாளத்தை வீடுதோறும் கொண்டுவந்தது. கையில் வாளும் தோளில் பிணமுமாக அரசன் நடக்கும் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல் காலமானார். பத்திரிகையும் இப்போது வருவதில்லை. ஆனால் அந்தப் படத்தை யாரும் மறக்கவில்லை.

பழைய கதைகள் தீர்ந்த பிறகும் தொடரை நிறுத்தவில்லை. வேறு பல கதைகளை வேதாளத்தின் வாயில் வைத்தார்கள். மாதாமாதம் கதை மரத்தடியில் தொடங்கும். மாதாமாதம் வேதாளம் முருங்கை மரம் ஏறும். முன்கதையும் முடிவும் கண்ணில் படாமலே பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஓட்டை மூலக்கதையில் இல்லை. தொடர் நீண்டுகொண்டே போனதால் விழுந்த ஓட்டை அது.

வேதாளம் செய்த உதவி

வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசன் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து, பிணம் மரத்துக்குத் திரும்பிவிடும்.

கடைசிக் கேள்விக்கு அரசனுக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நடந்தான். அப்போதுதான் வேதாளம் உண்மையைச் சொன்னது. “அவன் உன்னையே பலி கொடுக்கப் போகிறான். விழுந்து கும்பிடு என்பான். ‘எனக்குப் பழக்கமில்லை, நீ செய்து காட்டு’ என்று சொல்.” அரசன் அப்படியே சொன்னான். குனிந்து காட்டிய சந்நியாசியின் தலை உருண்டது.

வேதாளத்தின் கேள்விகளுக்கு விடை சொன்ன அரசன், சந்நியாசியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. “இதில் உனக்கு என்ன லாபம்?” என்பதே அது.

கதையல்ல, செய்தி

இன்றைய போலி மந்திரவாதிகளும் இதே வழியில்தான் வருகிறார்கள். முதலில் இலவசமாக ஒரு பரிகாரம். பிறகு புதையல், செல்வம் என்று ஆசை வார்த்தை. கடைசியில், “யாரிடமும் சொல்லாதே, சொன்னால் பலிக்காது” என்ற கட்டளை!

2022 அக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்த கேரளத்தின் இலந்தூர்க் கொடுமை நாட்டையே உலுக்கியது. செல்வம் சேரும் என்று நம்பி இரண்டு பெண்களை நரபலி கொடுத்ததாகப் போலீசார் மூன்று பேரைக் கைது செய்தார்கள்.

மராட்டிய மாநிலத்தில் இத்தகைய கொடுமைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று டாக்டர் நரேந்திர தபோல்கர் பல ஆண்டுகள் போராடினார். 2013 ஆகஸ்ட் 20-ந் தேதி புனே நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டிலேயே அங்கே சட்டம் வந்தது. கர்நாடகத்தில் 2017-ல் சட்டம் நிறைவேறியது.

சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். ஆனால் வாசலுக்கு வருகிறவனை முதலில் கேள்வி கேட்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பல வீடுகளில் தகப்பனார் பிழைப்புக்காகக் கடல் கடந்து போயிருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வரவேண்டிய பணம் வராவிட்டாலும் வீட்டில் கவலை சூழ்கிறது. கவலை இருக்கும் இடத்தைத் தேடித்தான் பழம் கொடுக்கும் சந்நியாசி வருவான். இன்று அவன் வாசலுக்குக்கூட வரவேண்டியதில்லை, செல்போனிலேயே வந்துவிடுவான்.

அப்படி யாராவது வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். “இதில் உனக்கு என்ன லாபம்? ஏன் ரகசியம்? ஏன் நான் மட்டும் தனியாக வரவேண்டும்?” பிறகு அக்கம்பக்கத்தாரிடமும், கடல் கடந்திருக்கும் கணவரிடமும், தேவைப்பட்டால் போலீசாரிடமும் சொல்லிவிடுங்கள். சொன்னால் தலை வெடித்துவிடாது!

தொடர் பார்க்கும் பிள்ளை இன்றிரவு, “மந்திரவாதி ஏன் அப்படிச் செய்தான்?” என்று கேட்டால், கூடவே உட்கார்ந்து யோசியுங்கள். கதையில் காரணம் இல்லையென்றால், “இல்லை” என்றே சொல்லுங்கள். காரணம் கேட்டுப் பழகிய பிள்ளையை யாரும் எளிதில் சுடுகாட்டுக்கு அழைத்துப் போக முடியாது.