குடல் அழற்சி நோயும் ஆய்வுகூட வசதியும்

மலத்துடன் இரத்தம் வெளியேறினால் மூல வியாதி என்றும், வாரக்கணக்கில் வயிற்றோட்டம் நீடித்தால் வயிற்றுளைவு அல்லது உடற்சூடு என்றும் தாமாகவே முடிவு செய்து மருந்துக் கடையை நாடுவோர் எமது கரையோர ஊர்களில் இன்றும் உள்ளனர். இவர்களுள் சிலருக்கு அழற்சிக் குடல் நோய் இருக்கக்கூடும்.

பெருங்குடலைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், சமிபாட்டுத் தொகுதியின் எப்பகுதியையும் தாக்கும் குரோன்ஸ் ஆகியவை இதன் இரு பிரதான வகைகளாகும். கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் இலட்சம் பேருக்கு முறையே 5.3 பேரும் 1.2 பேரும் இவற்றால் பாதிக்கப்பட்டிருப்பதாக 2010 இல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது. மேலை நாடுகளை விட இது குறைவுதான். எனினும், அது வைத்தியசாலைகளை நாடியோரை அடிப்படையாகக் கொண்ட கணக்கு. பரிசோதிக்கப்படாதவர் எக்கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

இந்நோயைத் தனியொரு பரிசோதனையால் உறுதி செய்ய இயலாது. முதலில் மலப் பரிசோதனை மூலம் அமீபா, பக்டீரியா முதலான தொற்றுக்கள் உண்டா எனப் பார்க்க வேண்டும். குருதிச்சோகையையும் அழற்சியையும் இரத்தப் பரிசோதனைகள் காட்டும். வெண்குழியங்களிலிருந்து வெளியாகும் கல்புரொடெக்டின் என்னும் புரதம் மலத்தில் குறைவாயின், குடல் அழற்சிக்கான வாய்ப்பும் குறைவு. பலர் கொலனோஸ்கோபியைத் தவிர்க்கலாம். அதிகமாயின் கொலனோஸ்கோபியும் இழையப் பரிசோதனையும் அவசியமாகின்றன. குடற் காசநோய் குரோன்ஸ் போலவே தோற்றமளிப்பதால் இங்கு அவசரம் ஆபத்தானது. காசநோயாளிக்குத் தவறுதலாக ஸ்டீரொயிட் வழங்கினால் நோய் தீவிரமடையும்.

நோய் இனங்காணப்பட்ட பின்னரும் பரிசோதனைகள் ஓய்வதில்லை. அசதயோபிரின் உட்கொள்பவரின் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் ஈரலின் நிலையும் காலத்துக்குக் காலம் கண்காணிக்கப்பட வேண்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கும் ஆய்வுகூடப் பொருட்களுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாடு, இத்தகைய நீண்டகால நோயாளர் எவ்வளவு பலவீனமான நிலையில் உள்ளனர் என்பதை உணர்த்தியது.

ஒரு பரிசோதனைக்காக நோயாளி முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. மாதிரியை முறையாகக் குளிரூட்டி அனுப்பி, முடிவை இங்கேயே பெறலாம். கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இதற்கான பொது ஏற்பாடொன்றில் இணைவது சாத்தியமானதே. நிர்வாக எல்லைகள் குறித்து எம்மவரிடையே கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். ஆனால் இந்நோய் தமிழர், முஸ்லிம் என்று பார்த்து வருவதில்லை. சுகாதார அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் இதில் ஒருமித்துச் செயற்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.