வீடுகளோடு பஸ்ஸும் வர வேண்டும்

நல்வாழ்வுப் பக்கத்தில் கட்டடக் கம்பனிகளைப் பற்றி என்ன எழுத்து என்று சில வாசகர்கள் நினைக்கலாம். இனிப்பைக் குறையுங்கள், தினமும் நடவுங்கள் என்று வைத்தியர்கள் எமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் நடப்பதும் நடக்காமல் விடுவதும் அவரது மன உறுதியை மட்டும் பொறுத்ததல்ல. அவர் குடியிருக்கும் இடத்தில் பஸ் தரிப்பிடம் எங்கே இருக்கிறது, அங்கு போகும் பாதையில் வெளிச்சம் உண்டா, பஸ் நேரத்துக்கு வருமா என்பவற்றையும் பொறுத்தது. இவற்றைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, வீடு கட்டுமுன் கட்டடக் கம்பனியும் கவுன்சிலும் செய்துகொள்ளும் உடன்பாடுதான்.

தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளியினரைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். மற்றவர்களுக்கு 40 வயதுக்கு மேல் கூடும் இந்த அபாயம் எமக்கு 25 வயதிலேயே கூடத் தொடங்குகிறது. வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது வேகநடை போன்ற உடலுழைப்பு வேண்டும் என்பது இந்நாட்டு மருத்துவ ஆலோசனை. பஸ்ஸுக்கோ ரியூப்புக்கோ காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் வேகமாக நடப்பவருக்கு, வேலைநாட்கள் ஐந்திலும் சேர்ந்து 100 நிமிடம் கிடைத்துவிடுகிறது. வீட்டு வாசலில் காரில் ஏறி வேலைத்தல வாசலில் இறங்குபவருக்கு அது கிடைப்பதில்லை.

வெம்பிளி, அல்பேர்ட்டன், இல்ஃபோர்ட், பார்க்கிங், குரொய்டன் என்று எம்மவர் வாழும் பகுதிகளில் இன்று மாடிக் குடியிருப்புகள் வரிசையாக எழுகின்றன. பொதுப் போக்குவரத்து நன்றாக உள்ள இடங்களில் கார் நிறுத்துமிடம் இல்லாமலே கட்டுவதைத் தொடக்க விதியாகக் கொள்ள வேண்டும் என்று 2021 இல் வெளியான இலண்டன் திட்டம் கூறுகிறது. பல கட்டடங்களில் வீதியில் கார் நிறுத்த அனுமதிச் சீட்டும் கிடையாது. இந்தக் கொள்கையை நாம் எதிர்க்கவில்லை. வாகனப் புகை குறைந்தால் எம் பிள்ளைகளின் நுரையீரலுக்கே நன்மை. ஆனால் காரை எடுத்துவிட்டுப் போதுமான பஸ்ஸைக் கொடுக்காமல் விட்டால் அது சுகாதாரக் கொள்கை ஆகாது.

அப்படி நேரும்போது முதலில் அகப்படுபவர்கள் எமது அப்பா அம்மாமார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்கள் பத்தாம் மாடியில் தனித்திருக்கிறார்கள். மருத்துவரிடமோ கோயிலுக்கோ போவதென்றால் மகன் வேலையால் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறர் துணையின்றி வெளியே போக முடியாத முதுமை, உடலையும் மனதையும் சேர்த்தே வாட்டும்.

வீட்டையும் ரயிலையும் சேர்த்து யோசிப்பது இலண்டனுக்குப் புதிதல்ல. மெற்றோபொலிற்றன் ரயில்வே 1919 இல் தனக்கென ஒரு வீடமைப்புக் கம்பனியை உருவாக்கி, வெம்பிளி பார்க், ரேனர்ஸ் லேன், பின்னர் போன்ற இடங்களில் தன் ரயில் பாதையோரமாகவே வீடுகள் கட்டியது. இன்று எம்மவர் பலர் வாழும் வடமேற்கு இலண்டன் இப்படித்தான் வளர்ந்தது.

இப்போது வீடு கட்டுபவர் வேறு, ரயில் ஓட்டுபவர் வேறு. இருவரையும் இணைப்பது சட்டம். 1990 ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்தில் 106 ஆம் பிரிவு, கட்டட அனுமதிக்குப் பதிலாகப் பஸ் சேவைக்கோ நிலைய லிஃப்டுக்கோ பணம் கேட்க கவுன்சிலுக்கு வழி தருகிறது. 2012 ஏப்ரலிலிருந்து, புதிய கட்டடங்களின் பரப்பளவுக்கு ஏற்ப மேயரும் ஒரு கட்டணம் அறவிடுகிறார். இல்ஃபோர்டையும் சவுத்தோலையும் இணைக்கும் எலிசபெத் ரயில் பாதைக்கான செலவில் ஒரு பகுதி இப்படித்தான் திரட்டப்பட்டது.

காலம் தாழ்ந்தால் என்னவாகும் என்பதற்குப் பார்க்கிங் றிவர்சைட் ஓர் உதாரணம். பழைய மின்நிலையக் காணியில் 10,000 க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டத் திட்டம். அங்கு வரவிருந்த டி.எல்.ஆர். நீடிப்பு 2008 இல் கைவிடப்பட்டது. முதலில் குடிவந்த குடும்பங்கள் பல ஆண்டுகள் பஸ்ஸை மட்டுமே நம்பி வாழ்ந்தன. ஓவர்கிரவுண்ட் ரயில் அங்கு வந்தது 2022 ஜூலை 18 இல்தான். அந்தப் பாதைக்கான செலவில் பெரும்பங்கைக் கொடுத்தது வீடுகளைக் கட்டும் கம்பனியே. கேட்டால் கிடைக்கும் என்பதும், பிந்திக் கிடைப்பதன் சுமை யார் தலையில் விழும் என்பதும் இதில் தெரிகிறது.

இப்படிப் பணம் கேட்டால் வீட்டு விலை ஏறும், குறைந்த வாடகை வீடுகள் குறையும் என்று கம்பனிகள் சொல்கின்றன. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் நிலையம் 8 நிமிட நடையில் என்று விளம்பரப் பலகையில் போட்டு விற்பவர்களும் அவர்களே. போக்குவரத்தால் வீட்டின் பெறுமதி கூடுகிறது என்றால், அந்த இலாபத்தில் ஒரு பங்கைப் போக்குவரத்துக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம்.

இதில் எமக்கும் ஒரு கடமை உண்டு. திட்ட விண்ணப்ப அறிவித்தல்கள் விளக்குக் கம்பங்களில் ஒட்டப்படுகின்றன, கவுன்சில் இணையத்தளத்திலும் வருகின்றன. கருத்துச் சொல்லப் பொதுவாக 21 நாட்கள் தருவார்கள். சொந்த வீடு இருக்க வேண்டியதில்லை, பிரஜாவுரிமையும் தேவையில்லை. என் வீட்டு விலை குறையும் என்று எழுதினால் அது கணக்கில் எடுக்கப்படாது. போக்குவரத்துப் பற்றி எழுதினால் எடுத்தே ஆக வேண்டும். நாம் கேட்க வேண்டியவை இவை:

முதற் குடும்பம் குடிவரும் நாளிலிருந்தே பஸ் ஓட வேண்டும். தொடக்க ஆண்டுகளில் ஏற்படும் நட்டத்தைக் கம்பனி ஏற்க வேண்டும்.

தரிப்பிடத்தில் கூரையும் இருக்கையும் வேண்டும்; அங்கு போகும் பாதையில் வெளிச்சம் வேண்டும்.

அருகிலுள்ள நிலையத்தில் படியேறாமல் போக வழி இல்லையென்றால், லிஃப்டுக்கு ஒரு பங்கு தர வேண்டும்.

வீடு வாங்கப் போகும் இளந்தம்பதியினர் சமையலறையைப் பார்க்கும் அதே கவனத்தோடு பஸ் நேர அட்டவணையையும் பார்க்க வேண்டும். ஞாயிறு மாலையில் பஸ் உண்டா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். வீட்டிலிருந்து தரிப்பிடத்துக்கு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை நடந்து பாருங்கள். அவர் சிரமமின்றி நடந்தால் அது எல்லோருக்கும் ஏற்ற இடம்தான்.