அளந்து தரவேண்டிய கோல்

புது தில்லி: ஆண்டுதோறும் அக்டோபர் 15-ஆம் தேதி வெண்கோல் தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. விழா மேடைகளில் பார்வையற்றோருக்குக் கோல்கள் வழங்கப்படுகின்றன. ஆனால், அந்தக் கோல் பெறுபவரின் உயரத்துக்கும் நடைக்கும் பொருந்துகிறதா என்பது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் அதிகம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசின் திட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு இப்பொறுப்பை ஏற்றிருப்பது பாராட்டுக்குரியது. எனினும், வெண்கோல் என்பது போர்வையைப் போல அனைவருக்கும் ஒரே அளவில் வழங்கத்தக்க பொருள் அல்ல. மூக்குக் கண்ணாடியைப் போல ஒவ்வொருவருக்கும் அளந்து தரவேண்டியது.

வெண்கோல் உடல் பாரத்தைத் தாங்கும் ஊன்றுகோல் அல்ல. அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதை முன்கூட்டியே சொல்லும் கருவி. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளித்த அமெரிக்கரான ரிச்சர்ட் ஹூவர், குட்டையான கைத்தடிக்கு மாற்றாக நீண்ட கோலையும், அதை இடமும் வலமும் வீசி நடக்கும் முறையையும் உருவாக்கினார். தரையிலிருந்து மார்பெலும்பு வரை எட்டுவதே கோலின் பொதுவான அளவு. வேகமாக நடப்போருக்கு அதைவிட நீளமானது தேவைப்படும். கோல் குட்டையாக இருந்தால், அதன் முனை பள்ளத்தை உணரும்போதே காலும் விளிம்பை எட்டிவிடும்.

நீளத்தோடு தேர்வு முடிந்துவிடுவதில்லை. மடக்குக் கோல் பேருந்திலும் ரயிலிலும் செல்வோருக்கு வசதியானது. மடங்காத கோல் தரையின் அதிர்வைக் கைக்குத் தெளிவாகக் கடத்தும். மெல்லிய முனை நுட்பமாக உணர்த்தினாலும் கல் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். உருளும் முனை மேடு பள்ளமான தெருக்களில் எளிதில் நகரும். தேய்ந்த முனையை மாற்ற வழியில்லையெனில், நல்ல கோலும் விரைவில் பயனற்றுப் போகும்.

சாதாரணக் கோல் முழங்காலுக்குக் கீழுள்ள தடைகளையே பெரிதும் காட்டும். தாழ்ந்த மரக்கிளையும், நிறுத்தப்பட்ட லாரியின் பின்புறமும் மார்பிலும் முகத்திலும் மோதும். இக்குறையைப் போக்க தில்லி ஐ.ஐ.டி. உருவாக்கிய ஸ்மார்ட்கேன், சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கூட்டு முயற்சியால் 2014-இல் பயன்பாட்டுக்கு வந்தது. கேளா ஒலி அலைகள் மூலம் எதிரிலுள்ள தடையை அறிந்து அதிர்வால் உணர்த்தும் கருவி இது. ஆனால், இதுவும் சாதாரணக் கோலின் கைப்பிடியில் பொருத்தப்படுவதே. பள்ளத்தையும் படியையும் கோலின் முனைதான் அறிய வேண்டும். எனவே, புதிய தொழில்நுட்பம் சரியான கோலுக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

கோலே கிடைக்காதவர்கள் இருக்கும் நாட்டில் தேர்வுரிமை ஆடம்பரமல்லவா என்ற கேள்வி எழலாம். பொருந்தாத கோல் வீட்டு மூலையில்தான் கிடக்கும்; அதற்குச் செலவிட்ட பணமே வீண். முகாமுக்கு நான்கைந்து நீளங்களிலும், இரண்டு மூன்று வகை முனைகளிலும் கோல்களைக் கொண்டுசெல்வது அரசின் சக்திக்கு அப்பாற்பட்டதல்ல.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் 20-ஆவது பிரிவு, அவரவர் விரும்பும் முறையிலும் நேரத்திலும், தாங்கக்கூடிய செலவில் நடமாட வகைசெய்ய வேண்டும் என்கிறது. நடமாட்டப் பயிற்சியையும் அரசின் கடமையாக்குகிறது. பயிற்சியின்றிக் கையில் கொடுக்கப்படும் கோல் அக்கடமையில் பாதியைக்கூட நிறைவேற்றாது.

பொது இடங்களின் அணுகல்தன்மைக்குக் கட்டாய விதிகள் வகுக்குமாறு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நடைபாதைகள் சீராக வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. அதுவரையிலும், அதற்குப் பிறகும், பார்வையற்றவர் நம்பி நடப்பது தம் கையிலுள்ள கோலைத்தான். ஆகவே, எத்தனை கோல்கள் வழங்கப்பட்டன என்பதோடு, யாருக்கு எந்த அளவில் வழங்கப்பட்டது, எத்தனை நாள் பயிற்சி அளிக்கப்பட்டது, ஓராண்டுக்குப் பிறகும் அது பயன்பாட்டில் உள்ளதா என்பனவும் அரசின் கணக்கில் இடம்பெற வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கவேண்டிய கணக்கும் அதுவே.