பின்னாடி எரியுற பல்பு யாருக்காக?

கொஞ்ச நாளா நண்பர்கள் கூடினாலே இதே பேச்சுதான். காருக்குப் பின்னாடி இருக்கிற பழைய பல்பைக் கழட்டிட்டு எல்.இ.டி. போடலாமா, வேணாமா? "போடு மாப்ள, சும்மா பளிச்சுனு இருக்கும், கரண்டும் மிச்சம்"னு ஒரு கோஷ்டி. "கம்பெனிக்காரன் குடுத்ததுல கை வைக்காத"னு இன்னொரு கோஷ்டி. ஆளாளுக்கு என்னையும் கேக்கறதால ஒரு பதிவாவே போட்டுடறேன். அடிக்க வர்றவங்க முழுசா படிச்சிட்டு வாங்க :-)

முதல்ல என் கட்சி என்னன்னு சொல்லிடறேன். எல்.இ.டி.க்கு நான் எதிரி இல்லை. சாதா பல்புக்குன்னு செஞ்ச விளக்குக்குள்ள கிடைச்ச எல்.இ.டி.யைச் சொருகறதுக்குத்தான் எதிரி.

எல்.இ.டி.யோட பெருமையை மறைக்கக் கூடாது. சாதா பல்புல இழை சூடாகித்தான் வெளிச்சம் வரணும். பிரேக் மிதிச்சதும் எல்.இ.டி. உடனே எரியும், இழை பல்பு முழுசா எரிய சுமார் 0.2 வினாடி கூடுதலா ஆகும். இது ஒரு மேட்டரான்னு கேக்காதீங்க. 80 கி.மீ. வேகத்துல பின்னாடி வர்ற வண்டி அதுக்குள்ள நாலரை மீட்டர் வந்துடும். ஒரு கார் நீளம்! கம்பெனியிலேயே எல்.இ.டி.யோட வர்ற கார்ல இந்த லாபம் அப்படியே கிடைக்குது.

அப்புறம் என்னய்யா பிரச்சினைன்னா...

1. சாதா பல்புல வெளிச்சம் வர்றது இத்துனூண்டு இழையிலேர்ந்து. உள்ள இருக்கிற பிரதிபலிப்பான், மேல இருக்கிற சிவப்புக் கண்ணாடி எல்லாம் அந்த இழை இருக்கிற இடத்தைக் கணக்குப் பண்ணி செஞ்சது. எல்.இ.டி.யில சில்லுகள் வேற இடத்துல, வேற திசையைப் பாத்து இருக்கும். நேரா பாத்தா கண்ணைக் குத்தும், சைடுல பாத்தா மங்கல்.

2. இதுதான் முக்கியம். நிறைய கார்ல டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்புதான், 21/5 வாட். 5 வாட் இழை தர்றது சுமார் 35 லூமன், 21 வாட் இழை சுமார் 440. பன்னெண்டு மடங்கு வித்தியாசம்! பின்னாடி வர்றவன் "பிரேக் போட்டுட்டான்"னு புரிஞ்சுக்கறதே இந்த வித்தியாசத்தாலதான். மலிவு எல்.இ.டி.யில ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எரியும். ராத்திரியில நீங்க பிரேக் போட்டீங்களா இல்லையான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

3. சிவப்புக் கண்ணாடிக்குள்ள வெள்ளை எல்.இ.டி. போடறாங்க. வெள்ளை எல்.இ.டி.யில சிவப்பு கம்மி. முக்கால்வாசி வெளிச்சத்தைக் கண்ணாடியே முழுங்கிட்டு, மிச்சம் ரோஸ் கலர்ல வரும்.

4. சூடு. இதை எங்க விருத்தாசலத்துக்காரனுக்குத் தனியா சொல்லிக் குடுக்க வேண்டாம். செராமிக் சூளை எரியுற ஊரு, 1200 டிகிரியைப் பாத்த பீங்கான். இழைக்குச் சூடுதான் சோறு. எல்.இ.டி.க்கோ அதுதான் விஷம். சூடு ஏற ஏற வெளிச்சமும் குறையும், ஆயுசும் குறையும். சிவப்பு எல்.இ.டி. இன்னும் மோசம். நல்ல கம்பெனிகள் சில்லுக்கு அடியில பீங்கான் தகடு வச்சு சூட்டை வெளியே கடத்தறாங்க. மூடின டப்பாவுக்குள்ள, சித்திரை வெயில்ல நிக்கிற கார்ல, மலிவு பல்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

5. இண்டிகேட்டர்ல போட்டா இன்னும் கூத்து. எல்.இ.டி. கரண்டு கம்மியா இழுக்கறதால, பல்பு பீஸ் போயிடுச்சுன்னு வண்டி நினைச்சுக்கும். படபடன்னு வேகமா சிமிட்டும். அதைச் சரி பண்ண 6 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு மாட்டுவாங்க. 13.8 வோல்ட்ல அது மட்டும் எரியற நேரத்துல 30 வாட்டுக்கு மேல சூடாக்கித் தள்ளும். பழைய பல்பே 21 வாட்தான்! மிச்சம் எங்கேப்பா?

மிச்சக் கணக்கையும் பாத்துடலாம். ரெண்டு பக்கமும் டெயில் லைட் சேத்து 10 வாட். பிரேக் லைட் 42 வாட், அதுவும் மிதிக்கிற நேரத்துக்கு மட்டும். இதுல பெட்ரோல் மிச்சம்னு சொல்றவங்களுக்கு ஒரு கும்பிடு.

சட்டமும் சும்மா இல்லை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்படி பின்சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்துலேர்ந்து தெரியணும். விளக்குக்கு ஒப்புதல் குடுக்கறதே, இன்ன வகை பல்புன்னு சேத்துச் சோதிச்சுத்தான். ஜெர்மனியில 2020ல முகப்பு விளக்குக்கு மாத்து எல்.இ.டி.யை அனுமதிச்சப்பகூட, சோதிச்சுப் பாத்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும்தான் குடுத்தாங்க.

இதெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி முழக்கறேன்னா, எங்க பக்கத்து ரோட்டுல ராத்திரி ஓட்டிப் பாத்தவங்களுக்குப் புரியும். உளுந்தூர்பேட்டை ரோட்டுல கரும்பு ஏத்தின டிரெய்லர் முன்னாடி போகும். பின்னாடி ஒரு பொட்டு வெளிச்சம் இருக்காது. கிட்டப் போனப்புறம்தான் இருட்டுக்குள்ள ஒரு மலை நகர்றது தெரியும். அவன் விளக்கே இல்லாம வர்றான். நாம விளக்கு இருந்தும் புரியாத மாதிரி எரிய விடறோம். பின்னாடி வர்ற பைக்காரனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

பின்விளக்கு வண்டிக்குப் போடற நகை இல்லைங்க. அது நாம பின்னாடி வர்றவன்கிட்ட பேசற பேச்சு. நம்ம கண்ணுக்கு அழகா இருக்கான்னு பாக்கறதுல அர்த்தமே இல்லை, ஓட்டறப்ப அதை நாம பாக்கவே போறதில்லை!

விளக்கு மங்கலா இருந்தா முதல்ல ஹோல்டரைக் கழட்டி எர்த்துல பூத்த துருவைச் சுரண்டுங்க. கண்ணாடியை உள்ளேயும் துடைங்க. நல்ல கம்பெனி பல்பு ஒரு ஜோடி மாத்துங்க. பாதி கேஸு இதுலயே முடிஞ்சிடும்.

எல்.இ.டி.தான் போடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறவங்க, சிவப்புக் கண்ணாடிக்கு சிவப்பே போடுங்க. சிமிட்டற பிரேக் லைட் வேண்டவே வேண்டாம், இண்டிகேட்டர்னு நினைச்சு ஏமாறுவான். மாட்டினதும் ஒருத்தரை உள்ள உக்கார வச்சு, ஒரு பக்கம் மட்டும் மாத்தி, பழசையும் புதுசையும் முப்பது அடி தள்ளி நின்னு ஒப்பிடுங்க. உச்சி வெயில்ல ஒரு தடவை, இருட்டுல ஒரு தடவை, ரெண்டு சைடுலேர்ந்தும். டெயிலுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் சட்டுனு தெரியலைன்னா, யோசிக்காம பழைய பல்பையே திரும்ப மாட்டிடுங்க.

மாத்துக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து மொத்தலாம்.

டிஸ்கி: காசு இருக்கிற மகராசன்கள் ஆளுக்கு நாலு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வாங்கி, தெரிஞ்ச டிராக்டர்காரர் டிரெய்லர்ல ஒட்டி விடுங்க. எல்.இ.டி. பல்பை விட விலை கம்மி, புண்ணியம் ஜாஸ்தி.