சோதனைத் தாளில் படமும் எண்ணும்

நொய்யல் பாசனக் குடியானவர்களுக்குச் சோதனைத் தாளின் அருமையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதிலாகத் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கிற்று. ஆயக்கட்டுதாரர் சங்கம் வழக்காடிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2006-ல் தீர்ப்புப் பெற்றது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவாயிற்று. இத்தகைய வழக்குகளில் நிற்பது கண்ணாற் கண்ட நுரையன்று, அளந்தறிந்த எண்ணே.

நீரிலுள்ள உப்பை எளிய கருவியே அறிவிக்கும். சில சாயங்கள் சிதைவதால் உண்டாகும் அமீன் என்னும் நச்சுப் பொருள்களை அறிய நிறை நிறமாலைமானி வேண்டும். அது பொருளின் அணுத்திரள்களையும் அவற்றின் துண்டுகளையும் நிறைவாரியாகப் பிரித்து, உயரமும் குட்டையுமான கோடுகளாகக் காட்டும். பென்சிடீன் என்னும் அமீனுக்கு 184-ல் கோடு எழும். இரு குளோரின் அணுக்கள் சேர்ந்த டைகுளோரோ பென்சிடீனுக்கு 252, 254, 256 என மூன்று கோடுகள், ஏறக்குறைய 9:6:1 என்ற உயரத்தில் நிற்கும். இது கைரேகை போன்ற அடையாளம். 1994-ல் ஜெர்மனி இத்தகைய சாயங்களைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி துணியில் விலக்கப்பட்ட அமீன் ஒவ்வொன்றும் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஆகவே பனியன் தொழிலுக்கும் இக்கோடுகள் முக்கியமானவை.

கருவியின் திரையைப் படம் பிடித்து அறிக்கையில் ஒட்டுவதில் ஒரு குறை உண்டு. நகலுக்கு நகல் எடுக்க, 256-லுள்ள சிறு கோடு மங்கி மறையும். அதன் உயரத்தைக் காட்டும் எண்ணும் தாளில் இராது. அதனை மறுத்துரைக்கவோ உறுதிப்படுத்தவோ பிறரால் இயலாது.

இதற்குப் பரிகாரம் விலையின்றியே கிடைக்கின்றது. டொனால்ட் குனூத் 1978-ல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையும், அதனோடு சேரும் பிஜிஎஃப்பிளாட்ஸ் என்னும் வரைபடத் தொகுப்பும் மூல நிரல் சகிதமாக யாவருக்கும் பொதுவானவை. நிறை, உயரம் என இரண்டு பத்திகளில் எண்களைக் கொடுத்தால், தொகுப்பே கோடுகளை வரைந்து அறிக்கையில் அமைத்துவிடும். எத்துணை பெரிதாக்கினும் கோடு கலங்காது. எண்ணை மாற்றி மீண்டும் அச்சுக்கோத்தால் படமும் மாறும். ஆகையால் படம் ஒன்றும் பட்டியல் வேறொன்றும் கூறுவதற்கு இடமில்லை.

இதனைப் பழகுதல் கடினம் என்பர் சிலர். முதல் மாதிரி அறிக்கை அமைப்பதே சிரமம். அடுத்தவற்றுக்கு எண்களை மாற்றினாற் போதும். நல்ல படம் தவறான சோதனையைத் திருத்தாது என்பதும் உண்மையே. ஒரே நிறையுள்ள வேறு பொருள்களும் உண்டாதலால், பொருள் கருவியினின்று வெளிப்பட்ட நேரமும் குறிக்கப்பட வேண்டும். எனினும், எண் வெளிப்பட்டிருந்தால் தவறு அகப்படும், மறைந்திருந்தால் அகப்படாது.

குடியானவரே கோடுகளைப் படிக்க வேண்டும் என்பதன்று. அவர் அத்தாளைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரிடமோ வேறு நிபுணரிடமோ காட்டும்போது, அவர்கள் தாமே வரைந்து சரிபார்க்க இயல வேண்டும். ஆதலின் சோதனைக்குப் பணம் செலுத்துவோர் மூன்றைக் கேட்டுப் பெறுதல் நலம்: மாதிரி எடுத்த இடமும் தேதியும், எண்கள் அடங்கிய கோப்பு, அவ்வெண்களினின்றே வரைந்த படம். பொதுப் பணத்தில் நடைபெறும் சோதனைச் சாலைகளோ, கேட்கும்வரை காத்திராமல் இவற்றைத் தாமே அளித்தல் கடமையாகும்.