கைபேசியும் முஸ்லிம் மாணவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சமூக ஊடகங்கள் முஸ்லிம் மாணவர்களின் படிப்பையும் மார்க்கப் பற்றையும் ஒருசேரக் கெடுக்கின்றன என்றும், பெண்பிள்ளைகளிடமிருந்தேனும் கைபேசியை வாங்கிவிட வேண்டும் என்றும் சென்ற இதழ்க் கட்டுரையில் எழுதப்பட்டிருப்பதில், முற்பகுதியை ஓரளவு ஒப்பும் நான், பிற்பகுதியை முற்றிலும் மறுக்கிறேன். 2022 ஜனவரியில், ‘புல்லி பாய்’ என்னும் செயலி முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்கள் சம்மதமின்றி எடுத்து ஏலப்பொருள்போல் காட்டிய அக்கிரமத்தை நாடே அறியும். அதில் கைதானவர்களுள் மாணவர்களும் இருந்தார்கள். குற்றம் புரிந்தவர் பிறராயிருக்க, தண்டனை நம் பெண்களுக்கா?

மேலப்பாளையத்தில் நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்த என் அச்சம் வேறு. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்க்கு மத்திய அரசு அளித்துவந்த உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்ட பின்னரும், அது இன்னும் கிடைப்பதாகச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி, ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் முன்பின் அறியாதாருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு என்னிடம் வந்து கலங்கி நின்ற குடும்பங்கள் பல. மார்க்க விஷயங்களிலும் அப்படியே. உஸ்தாதிடம் கேட்பதை விடுத்து, அரை நிமிஷக் காணொளியில் பெயர் தெரியாத ஒருவர் சொல்வதையே பிள்ளைகள் பிரமாணமாகக் கொள்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும், ஞாயிறுதோறும் மதரஸாவில் ஓர் ஆலிமையும் கணினி கற்ற பட்டதாரி ஒருவரையும் அமர்த்தி, இருபால் மாணவரின் சந்தேகங்களையும் தீர்த்துவைக்க ஏற்பாடு செய்யுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மேலப்பாளையம்.